கொலை வழக்கில் தண்டனை வந்த பிறகு கிடைக்கும் புதிய ஆதாரத்தை அப்பீலில் எப்படிக் கொண்டுபோவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் மைத்துனர் லாரி ஓட்டுபவர். கொலை வழக்கில் செஷன்ஸ் கோர்ட் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்துவிட்டது. ஹைகோர்ட்டில் போட்ட அப்பீல் நிலுவையில் இருக்கிறது. தீர்ப்புக்குப் பிறகு குடும்பத்தார் கைக்கு இரண்டு விஷயங்கள் வந்திருக்கின்றன. சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் இரவில் அவருடைய லாரி வேறொரு மாவட்டத்தில் எடை மேடையில் நின்றதைக் காட்டும் ரசீது ஒன்று. நேரில் பார்த்ததாகக் கூண்டில் ஏறிச் சொன்ன சாட்சி, "போலீஸ் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னேன், வேண்டுமானால் எழுதித் தருகிறேன்" என்று இப்போது இறங்கி வருவது இன்னொன்று. இவற்றைக் காட்டி விடுதலை வாங்க முடியுமா என்று கேட்கிறீர்கள்.

காட்டலாம், சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் சாட்சியின் மனமாற்றத்தைப் பெரிய ஆயுதமாகவும் ரசீதை அதற்குத் துணையாகவும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நானாக இருந்தால் ரசீதை முன்னால் வைப்பேன், சாட்சியைக் கடைசியில் வைப்பேன், அதுவும் ரொம்ப யோசித்துத்தான். ஏன் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

சட்டம் இதுதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 391ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 432ஆம் பிரிவாக வந்திருக்கிறது. உங்கள் அப்பீலுக்கு எந்த எண்ணைப் போடுவது என்பதை வக்கீல் பார்த்துக்கொள்வார். எண் மாறியதே தவிர விஷயம் மாறவில்லை. அப்பீலை விசாரிக்கும் கோர்ட், கூடுதல் சாட்சியம் தேவை என்று கருதினால், காரணத்தை எழுதிவைத்துவிட்டுத் தானே அதைப் பதிவு செய்யலாம். அல்லது செஷன்ஸ் கோர்ட்டையோ மாஜிஸ்திரேட்டையோ பதிவு செய்து அனுப்பச் சொல்லலாம். நடைமுறையில் ஹைகோர்ட் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்யும். கீழ்க்கோர்ட்டில் உங்கள் சாட்சி கூண்டேறுவார், அரசு வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார், பதிவானதைச் சான்றளித்து மேலே அனுப்புவார்கள், அதன் பிறகு அப்பீல் தொடரும். மரண தண்டனையை உறுதி செய்ய ஹைகோர்ட்டுக்கு வரும் வழக்குகளில் இதே அதிகாரம் 408ஆம் பிரிவில் தனியாக இருக்கிறது.

இது நீங்கள் கேட்டு வாங்கும் உரிமை அல்ல, கோர்ட்டின் விருப்புரிமை. அதனால் பெஞ்ச் உங்கள் ஆதாரத்தைப் படிப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்கும்: "இது விசாரணையின்போது எங்கே போயிருந்தது?" இந்தக் கேள்விக்கான பதிலில்தான் பாதிக்கு மேற்பட்ட மனுக்கள் விழுகின்றன. ஆதாரம் பலமாக இருந்தும், அது ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது என்பதற்கு மனுவில் அரைப் பக்கம்கூட இல்லாமல் தள்ளுபடியானவை அவை. 2001இல் ராம்பாவ் எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில் சுப்ரீம் கோர்ட், இந்த அதிகாரத்தை வழக்கில் விழுந்த ஓட்டையை அடைக்கப் பயன்படுத்தக் கூடாது, நீதி தவறாமல் இருக்கத்தான் பயன்படுத்த வேண்டும் என்றது. 2024 ஜனவரியில் அஜித்சிங் செஹூஜி ராத்தோட் வழக்கில் இன்னும் இறுக்கிச் சொன்னது: உரிய முயற்சி எடுத்தும் விசாரணையில் கொண்டுவர முடியாமல் போயிருக்க வேண்டும், அல்லது அந்த உண்மையே பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்திருக்க வேண்டும். அது காசோலை வழக்கு, கொலை வழக்கு அல்ல. ஆயுள் தண்டனை பெற்றவர் விஷயத்தில் நீதிபதிகள் கொஞ்சம் இளகுவார்கள் என்பது உண்மை. ஆனால் அரசு வக்கீல் முதலில் எடுத்துக் காட்டப்போவது அந்தத் தீர்ப்பைத்தான் என்பதால் அதற்குப் பதில் வைத்துக்கொண்டு போங்கள்.

"எங்களுக்குத் தெரியாது", "பழைய வக்கீல் கேட்கவில்லை" என்பதெல்லாம் பதில் ஆகாது. ரசீது யாரிடம் இருந்தது? லாரி உரிமையாளரிடமா, டிரான்ஸ்போர்ட் ஆபீஸிலா, சரக்கு அனுப்பிய கம்பெனியிலா? அவர் ஏன் அப்போது தரவில்லை? மைத்துனர் கைதான நாளிலிருந்து தீர்ப்புவரை உள்ளேயே இருந்தாரா, ஜாமீனில் இருந்தாரா? உள்ளே இருந்தார் என்றால் அவரால் தேடியிருக்க முடியாது என்பதற்கு அதுவே நல்ல காரணம். ரசீதைக் கண்டெடுத்தவர் யார், என்ன தேதியில், எதைத் தேடப்போய்? இத்தனையையும் அவரே பிரமாண வாக்குமூலமாகக் கொடுக்க வேண்டும். "எங்களுக்குக் கிடைத்தது" என்று மொட்டையாக எழுதினால், தயாரித்துக்கொண்டு வந்தார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்வதற்கு நீங்களே இடம் கொடுத்தது போல ஆகும்.

இன்னொன்றையும் உடனே பாருங்கள். சாட்சிகள் முடிந்த பிறகு நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரிடம் நேரடியாகக் கேள்வி கேட்டு எழுதிக்கொள்வார். கோர்ட் வட்டாரத்தில் இன்னும் "313 கேள்வி" என்றுதான் சொல்கிறோம், புதிய சட்டத்தில் 351. அதில் மைத்துனர் "அன்று இரவு நான் லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தேன்" என்று ஒரு வரியாவது சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருந்தால், ரசீது அப்போதே சொன்னதற்கு இப்போது கிடைத்த ஆதாரம். "பொய் வழக்கு" என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால், தண்டனைக்குப் பிறகு கண்டுபிடித்த கதை என்ற சந்தேகத்தைத் தாண்ட வேண்டியிருக்கும். அந்த வரி இல்லாவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம். கைதான அன்றோ ஜாமீன் மனுவிலோ சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்த இடத்திலோ இந்தப் பேச்சு ஏதாவது வடிவில் வந்திருக்கும். ஜாமீன் மனுவின் நகலை யாரும் தேடுவதில்லை, தேடுங்கள்.

இனி ரசீதுக்கு வருவோம். எடை மேடை ரசீது பெரும்பாலும் பிரிண்டரில் அடித்த துண்டுச் சீட்டாகத்தான் இருக்கும். வண்டி எண், வெறும் எடை, லோடு எடை, நிகர எடை, தேதி, நேரம் எல்லாம் இருக்கும். வெப்பத்தில் அச்சாகும் தாளாக இருந்தால் எழுத்து மங்கிக்கொண்டே போகும். லேமினேஷன் செய்தால் அந்தச் சூட்டிலேயே தாள் கறுத்துவிடும், அதனால் அந்தப் பக்கமே போகாதீர்கள். இன்றே இரண்டு பக்கமும் தெளிவாகப் போட்டோ எடுத்து, நகல் எடுத்து, அசலைக் காகித உறையில் போட்டு எடுத்துவையுங்கள். அதில் ஒரு கோடுகூடப் போடாதீர்கள். நேரத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டுக் கொண்டுவந்து தருபவர்கள் இருக்கிறார்கள். வட்டம் போட்ட கை வேறு எதையும் எழுதவில்லை என்று யார் நம்புவார்கள்?

ரசீது தானாகப் பேசாது. அதை அடித்த எடை மேடைக்காரர் வந்து "இது எங்கள் ரசீதுதான்" என்று சொல்ல வேண்டும். அதைவிட மேல், அவருடைய கம்ப்யூட்டரில் அந்தப் பதிவு இன்னும் இருப்பது. இருந்தால், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழோடு அதை எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் பதிவைக் கோர்ட் ஏற்கத் தேவைப்படும் பழைய 65பி சான்றிதழ்தான் இது. ஆனால் புதிய படிவத்தில் இரண்டு பாகங்கள் இருக்கின்றன, ஒன்றைக் கருவியைக் கையாள்பவரும் மற்றதை நிபுணரும் நிரப்ப வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) குறிக்க வேண்டும். கம்ப்யூட்டரின் கடிகாரம் சரியாக ஓடியதா என்பது சின்ன விஷயமாகத் தெரியும், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. ரசீது, லாரி எங்கே நின்றது என்பதைச் சொல்கிறது. அதை ஓட்டியது யார் என்று சொல்லவில்லை. அரசு வக்கீல் எழுந்து, "லாரி அங்கே இருந்தது, ஓட்டியது மாற்று டிரைவர், இவர் இங்கே கொலை செய்துகொண்டிருந்தார்" என்றால் உங்கள் ஆதாரம் அந்த ஒரே வாக்கியத்தில் சரிந்துவிடும். ஆகவே லாரியையும் ஆளையும் ஒட்டவைக்க வேண்டும். ரசீதிலோ டெலிவரி சலானிலோ அவர் கையெழுத்து இருக்கிறதா? சரக்கு இறக்கிய இடத்தின் வாசல் பதிவேட்டில் டிரைவர் பெயர் எழுதுவார்கள், அது கிடைக்குமா? டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் அந்தப் பயணத்துக்கு யார் பெயரில் பேட்டா, டீசல் பணம் எழுதியிருக்கிறார்கள்? ஃபாஸ்டேக் கணக்கில் எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தது என்று இருக்கும், ஆனால் அதுவும் வண்டியைத்தான் சொல்லும். ஆளைச் சொல்வது செல்போன் டவர்.

அங்கேதான் காலம் உங்களுக்கு எதிராக ஓடுகிறது. அழைப்புப் பதிவுகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2021 டிசம்பரில் வந்த விதி. கொலை வழக்கில் அப்பீல் நிலுவையில் இருக்கிறது என்றால் அந்த இரண்டு ஆண்டு எப்போதோ தாண்டியிருக்கும். ஆனால் இப்போது கொலை வழக்குகளில் போலீஸ் அழைப்புப் பதிவை எடுக்காமல் இருப்பது அபூர்வம். எடுத்தார்கள், ஆனால் கோர்ட்டில் தாக்கல் செய்யவில்லை என்றால் ஏன் என்று யோசியுங்கள். அது தங்களுக்கு உதவவில்லை என்பதாகவும் இருக்கலாம். விசாரணையில் திரட்டிவிட்டுத் தாங்கள் சார்ந்திருக்காத ஆவணங்களின் பட்டியலையும் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2021இல் வகுத்த வரைவு விதிகளிலும் 2022இல் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு தீர்ப்பிலும் சொல்லியிருக்கிறது. உங்கள் வழக்கில் அந்தப் பட்டியல் தரப்பட்டதா என்று பாருங்கள். தரப்படவில்லை என்றால், கூடுதல் சாட்சிய மனுவோடு சேர்த்து அந்தப் பதிவை வரவழைக்கவும் கேட்கலாம்.

வெளியிலிருந்து வருவதுதான் புதிய ஆதாரம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் பார்வையில், அப்பீலில் வழக்கைப் புரட்டிப்போடுவது பல நேரம் வழக்குக் கட்டுக்குள்ளேயே கிடந்து யாரும் படிக்காத தாள்தான். அங்குஷ் மாருதி ஷிண்டே வழக்கு இதற்குச் சரியான சான்று. மகாராஷ்டிரத்தில் ஒரு குடும்பத்தில் நடந்த கொலைகளுக்காக ஆறு பேருக்கும் 2009இல் சுப்ரீம் கோர்ட்டே தூக்குத் தண்டனை விதித்தது. மறுஆய்வு மனுவை அதே சுப்ரீம் கோர்ட் மீண்டும் திறந்து, 2019 மார்ச்சில் ஆறு பேரையும் விடுதலை செய்து, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. காரணங்களில் முக்கியமான ஒன்று: தப்பிப் பிழைத்த கண்கண்ட சாட்சி, போலீஸ் காட்டிய புகைப்பட ஆல்பத்தில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நான்கு பேரை யாரும் விசாரிக்கவே இல்லை. அந்த ஆறு பேரின் உயிர் தொங்கிக்கொண்டிருந்த விஷயம், தூக்கை விதித்த தீர்ப்புக்கு முன்பே ஆவணத்தில் இருந்தது. எனவே ரசீதுக்குப் பின்னால் ஓடுவதற்கு முன் எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட்டுக்குப் போன நேரம், சாட்சிகளின் வாக்குமூலங்கள் கோர்ட்டுக்கு வந்துசேர்ந்த தேதி, பிரேதப் பரிசோதனை அறிக்கை மூன்றையும் வக்கீலோடு உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள்.

பிரேதப் பரிசோதனை அறிக்கை உங்களுக்கு இன்னொரு வகையிலும் முக்கியம். இறந்த நேரத்தை டாக்டர் ஒரு வரம்பாகத்தான் சொல்வார், இத்தனை மணி நேரத்திலிருந்து இத்தனை மணி நேரத்துக்குள் என்று. உங்கள் ரசீதில் ஒரு நிமிடம் அச்சாகியிருக்கிறது. அந்த நிமிடத்துக்கும் அந்த வரம்பின் இரு முனைகளுக்கும் நடுவே லாரியில் வந்துபோக நேரம் இருந்ததா என்று கணக்குப் போடுவார்கள். நான் அங்கே இல்லை என்ற வாதத்தை நிரூபிக்கும் பாரம் சொல்பவர் மேலேயே இருக்கிறது. சம்பவ இடத்தில் இருந்திருக்கவே முடியாது என்று காட்ட வேண்டும் என்பது 1996இல் பினய் குமார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் வைத்த அளவுகோல். ஆனால் அந்த உயரத்தை எட்டாவிட்டாலும் ரசீது வீணாகிவிடாது. வழக்கை நிரூபிக்கும் பொறுப்பு முதலில் அரசுத் தரப்புடையது, அது ஒருபோதும் உங்கள் மேல் மாறி விழாது. கண்கண்ட சாட்சி ஒருவரை மட்டும் நம்பி நிற்கும் வழக்கில், அந்த ஒருவர் சொன்ன நேரத்தில் சந்தேகம் விழுந்தாலே போதும்.

உங்கள் வழக்கில் இல்லாவிட்டாலும், இதைப் படிக்கும் வேறு சிலருக்காகத் தடயப் பொருட்களைப் பற்றி ஒரு வார்த்தை. ரத்தக்கறை படிந்த துணி, நகத் துணுக்கு, ஆயுதம் போன்றவற்றை அழிக்கத் தீர்ப்பிலேயே உத்தரவு இருக்கும். அந்த உத்தரவு பொதுவாக இரண்டு மாதத்துக்கு, அப்பீல் போட்டிருந்தால் அது முடியும்வரை, நிறைவேற்றப்படக் கூடாது என்பது பழைய 452, புதிய 498ஆம் பிரிவு. சட்டம் அப்படி இருந்தாலும், அப்பீல் மனுவோடு பொருட்களைப் பாதுகாக்கச் சொல்லித் தனி மனு போட்டுவிடுவது நல்லது. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தூக்குத் தண்டனைக் கைதியை விடுதலை செய்தபோது, டி.என்.ஏ. மாதிரிகளை எடுத்து அனுப்புவதற்கு நாடு முழுமைக்குமான நெறிமுறைகளைத் தந்தது. மாதிரி யார் யார் கையில் போனது என்று பதிவேடு வேண்டும், கோர்ட் அனுமதி இல்லாமல் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பவை அவற்றில் சில. பாதுகாத்த பொருள் என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தில் பீட்டர் சல்லிவன் வழக்கைப் பாருங்கள். 1987இல் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாகி 38 ஆண்டுகள் உள்ளே இருந்தார். 1986இல் எடுத்துவைத்த மாதிரியைப் புதிய முறையில் சோதித்ததில் டி.என்.ஏ. அவருடையது அல்ல என்று தெரிந்து 2025 மே மாதம் வெளியே வந்தார். ஏன் அப்போதே கொண்டுவரவில்லை என்ற கேள்விக்கு, அப்போது அந்தத் தொழில்நுட்பமே இல்லை என்பதைவிட நல்ல பதில் கிடையாது. அவருடைய வழக்கை மேல்முறையீட்டுக் கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்பியது, நீதி தவறிய வழக்குகளை ஆராய்வதற்காகவே 1997 முதல் இயங்கும் தனி ஆணையம். அப்படி ஓர் அமைப்பு இந்தியாவில் இல்லை. இங்கே தேடுவதும் திரட்டுவதும் கைதியின் குடும்பம்தான்.

இப்போது அந்தச் சாட்சி. அவர் எழுதித் தருவதாகச் சொல்லும் பிரமாண வாக்குமூலத்தை ஹைகோர்ட் நம்பும் வாய்ப்பு மிகக் குறைவு. கூண்டில் சத்தியம் செய்து ஒன்று சொன்னார், இப்போது நோட்டரி முன்னால் சத்தியம் செய்து வேறொன்று சொல்கிறார், இரண்டில் எது பொய்? தண்டனை வந்த பிறகு சாட்சிகளுக்கு ஊரிலும் உறவிலும் எவ்வளவு நெருக்கடி வரும் என்பது நீதிபதிகளுக்குத் தெரியாத விஷயமல்ல. 2004இல் யாகூப் இஸ்மாயில்பாய் படேல் வழக்கில், கோர்ட்டில் சாட்சி சொல்லி முடித்தவர் பிற்பாடு கொடுத்த பிரமாண வாக்குமூலத்தைச் சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை. அதே ஆண்டு, 2002 குஜராத் கலவரத்தின்போது நடந்த கொலைகள் பற்றிய பெஸ்ட் பேக்கரி வழக்கில் 391ஆம் பிரிவை விரிவாகப் பேசி, குஜராத்தில் முடிந்த வழக்கை மகாராஷ்டிரத்தில் மறுபடி விசாரிக்கச் சொன்னதே என்று சிலர் எடுத்துக் காட்டுவார்கள். அங்கே சாட்சிகள் மிரட்டப்பட்டதும் அரசுத் தரப்பே வழக்கைச் சரியாக நடத்தாததும் கண்ணுக்கு முன்னால் இருந்தன. அதன் முக்கிய சாட்சி, பேச்சை மாற்றி மாற்றிப் பேசியதற்காக 2006இல் கோர்ட் அவமதிப்பில் ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உங்கள் சாட்சிக்கும் ஆபத்து உண்டு. மரண தண்டனை வரை போகக்கூடிய குற்றத்தில் ஒருவரைச் சிக்கவைக்கப் பொய்ச் சாட்சி சொல்வது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 230ஆம் பிரிவில் ஆயுள் தண்டனை வரை போகும். "நான் பொய் சொன்னேன்" என்று கையெழுத்துப் போடுவது, அந்தக் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்வதுபோல. இது தெரிந்ததும் பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள். பின்வாங்கியவர் போலீஸிடம் போய் "வீட்டார் வந்து மிரட்டினார்கள்" என்றால் உங்கள் மேலேயே புது வழக்கு வரும். ஆகையால் குடும்பத்தார் யாரும் அவரிடம் இனி நேரில் போக வேண்டாம், போனில் பேச வேண்டாம், ஒரு கப் டீ வாங்கிக் கொடுக்கக்கூட வேண்டாம். அவர் சொல்ல விரும்பினால் அவரே தனக்கென்று ஒரு வக்கீலை வைத்துக்கொண்டு சொல்லட்டும். அவர் சொல்வதற்கு வெளி ஆதாரம் இருந்தால் கதை வேறு. உதாரணத்துக்கு, சம்பவ நேரத்தில் அவரே வேறு இடத்தில் வேலையில் இருந்ததைக் காட்டும் வருகைப் பதிவேடு. அப்போதும் கோர்ட் முன்னால் வைக்க வேண்டியது பதிவேட்டைத்தான், அவருடைய மனசாட்சியை அல்ல.

வேறொருவர் "நான்தான் செய்தேன்" என்று முன்வந்தாலும் இதே கதைதான். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் பொதுவாகச் சாட்சியமாகாது. சிறையில் சக கைதியிடம் சொன்னதாக வருவதை எந்த நீதிபதியும் எளிதில் ஏற்கமாட்டார். அவர் காட்டிய இடத்திலிருந்து கொலையுண்டவரின் பொருள் எடுக்கப்பட்டது போன்ற ஒன்று வேண்டும்.

மனுவை எப்போது போடுவது? இப்போதே. இறுதி விசாரணைக்கு வழக்கு வரும்வரை கையிலேயே வைத்திருந்து கடைசி நாளில் தாக்கல் செய்யும் பழக்கம் சிலருக்கு உண்டு. தாமதத்துக்கு மேல் இன்னொரு தாமதம் சேர்வதைத் தவிர அதில் ஒரு லாபமும் இல்லை. அப்பீலுக்குள் குற்றவியல் இதர மனுவாகத் தாக்கல் செய்து, ஆவணங்களை டைப்டு செட்டாக (தட்டச்சு செய்து தொகுத்த கட்டாக) வைக்க வேண்டும். பெஞ்ச் பெரும்பாலும் அதை அப்பீலோடு சேர்த்தே கேட்பதாகச் சொல்லும். அதே நேரத்தில் 430ஆம் பிரிவில் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கும் மனுவில் இந்த ஆதாரத்தைச் சுட்டிக்காட்டலாம். கொலை வழக்கில் அரசு வக்கீலுக்கு எழுத்துபூர்வமாக எதிர்க்க வாய்ப்புக் கொடுத்த பிறகே ஜாமீன் தருவார்கள். முன்பு ஒரு முறை தள்ளுபடியாகியிருந்தால், மறுபடி கேட்க இது உண்மையான புதுக் காரணம். அப்பீல் உடனே விசாரணைக்கு வரும் நிலையில் இல்லை என்பதும் ஒரு காரணம்தான். அப்பீலைக் குறித்த காலத்தில் கேட்க முடியாத கோர்ட் ஆளை மட்டும் உள்ளே வைத்திருப்பது நியாயமில்லை என்று காஷ்மீரா சிங் வழக்கில் 1977லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

ஹைகோர்ட் ஆதாரத்தை ஏற்றால் நேராக விடுதலை செய்யலாம், மறுவிசாரணைக்கும் அனுப்பலாம். மறுவிசாரணை என்றால் குடும்பத்தார் சந்தோஷப்படுகிறார்கள், தண்டனை ரத்தானதே என்று. எனக்கு அதில் அவ்வளவு உற்சாகம் இல்லை. முதல் விசாரணையில் அரசுத் தரப்பு விட்ட பிழைகள் எல்லாம் உங்களுக்குச் சாதகமாகப் பதிவாகியிருக்கின்றன. மறுவிசாரணை அவற்றைத் திருத்திக்கொள்ள அவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. எனவே விடுதலை கேளுங்கள், அது இல்லாவிட்டால் இந்தக் கூடுதல் சாட்சியத்தை மட்டும் பதிவு செய்யக் கேளுங்கள். மறுவிசாரணையைக் கடைசிக் கோரிக்கையாக வைத்தால் போதும்.

இன்னும் அப்பீலே போடாதவர்களுக்கு: ஆயுள் தண்டனைக்கு எதிராக ஹைகோர்ட் போகக் கெடு 60 நாள், மரண தண்டனைக்கு 30 நாள். தாண்டிவிட்டால் காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம், கொலை வழக்குகளில் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஹைகோர்ட் கட்டத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், அதற்கு மேலே போகப் போகப் புதிய ஆதாரத்துக்கான வாசல் குறுகிக்கொண்டே போகிறது. சுப்ரீம் கோர்ட்டுக்குச் சிறப்பு அனுமதி மனுவோடுதான் போக வேண்டும், உண்மை நிலவரத்தை அங்கே புதிதாக அலசுவது அரிது. பிறகு மறுஆய்வு, அதற்குப் பிறகு சீராய்வு (கியூரேட்டிவ் மனு) என்று இருந்தாலும் அவை ஆதாரம் திரட்டும் இடமல்ல. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளன் விஷயத்தில் தமிழ்நாடே இதைப் பார்த்தது. அவருடைய ஒப்புதல் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், பேட்டரி எதற்காக வாங்கப்பட்டது என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டதாக 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். பிற்பாடு சுப்ரீம் கோர்ட்டில் பிரமாண வாக்குமூலமும் கொடுத்தார். இருந்தும், 1999 தீர்ப்பைத் திரும்பப் பெறக் கோரிய மனு 2018இல் தள்ளுபடியானது. 2022 மே 18இல் அவர் விடுதலையானது, அரசியல் சட்டத்தின் 142ஆம் பிரிவில், மாநில அமைச்சரவைப் பரிந்துரையின் மேல் ஆளுநர் காட்டிய தாமதத்தை முன்வைத்து. வாக்குமூலத்தில் விடுபட்ட அந்த வரி தீர்ப்பை அசைக்கவில்லை.

இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. சம்பவத்தின்போது 18 வயது நிரம்பாதவர் என்பதற்கான ஆதாரத்தை எந்தக் கட்டத்திலும், வழக்கு முழுதாக முடிந்த பிறகும் கொண்டுவரலாம் என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. 1994இல் புனேயில் நடந்த கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்று, அது சுப்ரீம் கோர்ட்வரை உறுதியான நாராயண் சேத்தன்ராம் சவுத்ரி, சம்பவத்தின்போது பன்னிரண்டரை வயதுச் சிறுவன் என்று ராஜஸ்தான் பள்ளிப் பதிவேடு காட்டியது. 28 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்த பிறகு 2023 மார்ச்சில் அவரை விடுவித்தார்கள். உங்கள் மைத்துனர் அந்த வயதில் இருந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் இதைப் படிக்கும் யாருக்காவது பயன்படலாம்.

கோர்ட் வாசல் எல்லாம் மூடிய பிறகு மிஞ்சுவது கருணை மனு. அரசியல் சட்டத்தின் 161ஆம் பிரிவில் ஆளுநர், 72ஆம் பிரிவில் குடியரசுத் தலைவர். சாட்சியங்களைத் தாமே அலசிக் கோர்ட்டின் முடிவிலிருந்து மாறுபட்ட முடிவுக்கு வரவும் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் உண்டு என்று கேஹர் சிங் வழக்கில் 1988இல் தீர்ப்பு இருக்கிறது. காகிதத்தில் அது பெரிய அதிகாரம்தான். நடைமுறையில் அதை நம்பி, ரசீதை இப்போது தாக்கல் செய்யாமல் கையில் வைத்திருக்காதீர்கள்.

வக்கீல் செலவு பெரிய கவலையாக இருந்தால், சிறையில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அது. சிறையில் உள்ள சட்ட உதவி மையத்தின் வழியாகவோ 15100 என்ற எண்ணிலோ கேட்கலாம். வக்கீலை மாற்றுவதாக இருந்தால் பழையவரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறாதீர்கள். வழக்குக் கட்டு முழுவதும் அவரிடம் இருக்கிறது, ஜாமீன் மனுக்களின் நகல்கள் உட்பட. ரசீது விசாரணையின்போது தன் கைக்கு வரவில்லை என்று அவர் ஒரு பிரமாண வாக்குமூலம் கொடுக்க வேண்டிய தேவையும் வரலாம்.